சி. சுப்பிரமணியம்: கோவை வக்கீல் கைக்கு வந்த விவசாயத் துறை

கேள்வி இதுதான்: "பசுமைப் புரட்சி என்றால் எம்.எஸ். சுவாமிநாதன், நார்மன் போர்லாக் பெயர்களைச் சொல்கிறார்கள். அது புரிகிறது. கூடவே சி. சுப்பிரமணியம் பெயரையும் சொல்கிறார்களே, அவர் விவசாயம் படித்தவர்கூட இல்லை, வக்கீல்தானே? அவர் என்ன செய்தார்? அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

வக்கீல்தான். அதனால்தான் அந்தக் காரியம் நடந்தது என்பது என் கருத்து. விதையை விஞ்ஞானிகள் தயார் செய்துவிட்டார்கள். அந்த விதையை இந்தியாவுக்குள் கொண்டுவர அமைச்சரவை, திட்டக் குழு, நிதியமைச்சகம், நாடாளுமன்றம், மாநில அரசுகள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று வாதாட ஒருவர் தேவைப்பட்டார். வாதாடுவதற்கு முன் எதிராளி என்னவெல்லாம் கேட்பார் என்று யோசித்து வைத்துக்கொண்டு வருகிற ஆளாகவும் அவர் இருக்க வேண்டியிருந்தது. சி.எஸ். அப்படிப்பட்டவர். சரி, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1910 ஜனவரி 30 அன்று பிறந்தார். பின்னாளில் துறவியான சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சித்தப்பா முறை, இளமையில் சி.எஸ். மனதில் ஆழமாகப் பதிந்தவர் அவர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அப்புறம் சட்டக் கல்லூரி. அந்தக் காலத்திலேயே பெரியசாமித் தூரன் முதலான கொங்குநாட்டு நண்பர்களோடு சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, 'பித்தன்' என்ற பத்திரிகையும் நடத்தினார்கள். தூரன் பிறகு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். இந்த நட்பை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழில் எல்லாவற்றையும் எழுத முடியும், படிக்க முடியும் என்று சி.எஸ். பிற்காலத்தில் பிடிவாதமாக நின்றதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கோவையில் வக்கீல் தொழில். அந்தத் தலைமுறை வக்கீல்கள் பலரையும்போல இவருக்கும் கோர்ட்டும் காங்கிரசும் ஒன்றாகவே ஓடின. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். வழக்குகளில் பெரிய பணம் சம்பாதித்தவர் என்றோ, சரித்திரத்தில் நிற்கும் தீர்ப்புகளை வாங்கியவர் என்றோ இவரைச் சொல்ல முடியாது. தொழிலில் இருந்த காலம் குறைவு. ஆனால் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் பேசினாலும் ஆதாரக் கட்டோடு வருவார். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு இவரிடம் கிடையாது. ஒரு அறையில் பத்துப் பேரை ஒத்துக்கொள்ள வைக்கும் பேச்சு உண்டு. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

1952-இல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானதும் சி.எஸ். நிதியமைச்சர். அடுத்த பத்து வருடம் சட்டசபையில் அவர்தான் அரசின் முக்கியமான குரல். நிதி, கல்வி, சட்டம் என்று கனமான துறைகள் அவரிடம் இருந்தன. இந்தப் பத்து வருடத்தில் ஒரு கட்டத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருடைய குணம் அங்கே தெரிகிறது.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்த்தவர்கள் வாயில் குலக்கல்வித் திட்டம், தமிழ்நாட்டையே கொதிக்க வைத்தது. ஆந்திரா பிரிந்த பிறகு கல்வித் துறை சி.எஸ். கைக்கு வந்தது. ராஜாஜியின் நம்பிக்கைக்குரியவர் என்பதால் அந்தத் திட்டத்துக்காகச் சட்டசபையில் வாதாட வேண்டிய பொறுப்பும் அவருக்கே வந்தது. வாதாடினார். தவறான பக்கத்தில் நின்று அவர் நடத்திய வழக்கு அது என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்ற ஏற்பாடு சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களின் வீட்டில் எப்படி இறங்கும் என்று யோசிக்காமல் அதை நியாயப்படுத்த முடியாது. எதிர்ப்பு வலுத்தது, ராஜாஜி விலகினார்.

1954 மார்ச்சில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல். காமராஜரை எதிர்த்து ராஜாஜியின் ஆதரவோடு நின்றவர் சி.எஸ். காமராஜருக்கு 93 வாக்கு, சி.எஸ்ஸுக்கு 41. நம் ஊர் அரசியலில் இதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: தோற்றவர் ஓரங்கட்டப்படுவார், அல்லது தனிக் கோஷ்டி கட்டுவார். இரண்டும் நடக்கவில்லை. காமராஜர் தன்னை எதிர்த்து நின்றவரையே அமைச்சரவையில் எடுத்துக்கொண்டு நிதி, கல்வி இரண்டையும் கொடுத்தார். சி.எஸ்ஸும் தீர்ப்பை ஏற்றுக்கொண்ட வக்கீலாக வேலையைப் பார்த்தார். 1954 மே மாதம் 18-ஆம் தேதி அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று சட்டசபையில் அறிவித்தவர் யார் தெரியுமா? கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம்தான். சில மாதங்களுக்கு முன் அதே இடத்தில் நின்று அதற்காகப் பேசியவர். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கட்சியும் மக்களும் முடிவு சொன்ன பிறகு முறுக்கிக்கொண்டு நிற்காமல் இருந்தது, காமராஜர் ஆட்சிக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பதை அடுத்த வருடங்கள் காட்டின. காமராஜர் காலத்தின் பள்ளிக்கூடங்கள், இலவசக் கல்வி, 1956-இல் தொடங்கிய மதிய உணவு, இவை எல்லாவற்றுக்கும் பணம் கண்டுபிடித்துக் கொடுத்த நிதியமைச்சரும், கோப்பில் கையெழுத்திட்ட கல்வி அமைச்சரும் ஒரே ஆள். காமராஜரின் பெருமையை இது ஒரு துளியும் குறைக்காது. தலைவர் வழிகாட்டினார், கணக்குப் பார்த்து நடத்திக் காட்ட ஒருவர் கூட இருந்தார்.

தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் வருடச் சட்டமும் அவர் அமைச்சராக இருந்தபோது வந்ததுதான். கொங்குநாட்டில் அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முதலில் சொல்வது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஆனைமலையில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆறுகளின் தண்ணீரைச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே, வறண்ட பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் திருப்புகிற திட்டம் அது. ஆறுகளும் அணை கட்ட வேண்டிய இடங்களும் பெரும்பாலும் கேரளப் பக்கம். கேரளத்தோடு பேசி, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்யாமல் ஒரு கல்லை நகர்த்த முடியாது. கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி, இங்கே காங்கிரஸ். அந்தப் பேச்சுவார்த்தை முடிந்து, 1961-இல் நேரு வந்து தொடங்கி வைத்தார். இன்று காவிரி, முல்லைப் பெரியாறு என்று மாநிலங்கள் கோர்ட்டு ஏறுவதைப் பார்க்கும்போது, பேசித் தீர்த்த அந்த மனிதர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

1962-இல் பொள்ளாச்சியிலிருந்து நாடாளுமன்றம். நேரு அமைச்சரவையில் எஃகுத் துறை. அந்தக் காலத்தில் எஃகுதான் மதிப்பான துறை. பெரிய ஆலைகள், பெரிய திட்டங்கள், வெளிநாட்டு ஒப்பந்தங்கள். நேரு இறந்து 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானதும் சி.எஸ்ஸுக்குக் கொடுத்தது உணவு, விவசாயம். அன்றைய டில்லியில் யாரும் விரும்பிக் கேட்காத துறை. விளைச்சல் குறைந்தால் திட்டு, விலை ஏறினால் திட்டு, அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வரத் தாமதமானாலும் திட்டு. கேட்ட கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

அன்றைய நிலைமை என்ன? பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கா உதவியாக அனுப்பிய கோதுமையை நம்பி நாடு இருந்தது. விவசாயிக்குக் கொடுக்கிற விலை குறைவாக இருந்தால்தான் நகரத்தில் சோறு மலிவாகக் கிடைக்கும், அப்போதுதான் தொழில்வளர்ச்சி நடக்கும் என்பது திட்டம் போடுகிறவர்களின் கணக்கு. சி.எஸ். துறையைக் கையில் எடுத்ததும் அந்தக் கணக்கின் அடிமடியிலேயே கைவைத்தார். நஷ்டத்துக்கு யாராவது கூடுதலாக விளைவிப்பார்களா? விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை முதலில் வேண்டும். பிறகு, கூடுதலாக விளையக்கூடிய விதையும் உரமும் வேண்டும். அப்புறம் இவை அவனிடம் போய்ச் சேர ஒரு நிர்வாகம் வேண்டும். விவசாயி மகன் என்பதால் முதல் விஷயம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விலையை ஆராய எல்.கே. ஜா என்ற மூத்த அதிகாரியின் தலைமையில் குழு போட்டார். அதன் தொடர்ச்சியாக 1965 ஜனவரியில் இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. ஒன்று, எந்தப் பயிருக்கு என்ன விலை என்று பரிந்துரைக்கிற விவசாய விலைக் குழு. இன்றைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை என்று நாடே பேசுகிறதே, அதன் ஆரம்பம் இது. இன்னொன்று, அந்த விலைக்கு வாங்கிக் கிடங்கில் வைக்கிற இந்திய உணவுக் கழகம், அதாவது எஃப்.சி.ஐ. எஃப்.சி.ஐ.யின் தலைமையகம் ஆரம்பத்தில் சென்னையில்தான் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். நம் ஆட்களுக்கே இது அவ்வளவாகத் தெரியாது.

விஞ்ஞானிகள் விஷயம். விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பதவியில் அதுவரை உட்கார்ந்தது நிர்வாக அதிகாரிகள். 1965-இல் முதல்முறையாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், தலைமை இயக்குநரானார். சிதறிக்கிடந்த ஆராய்ச்சி நிலையங்கள் ஒரு குடையின் கீழ் வந்தன. கேட்க அலுவலக ஏற்பாடு மாதிரி இருக்கும். விஞ்ஞானி சொல்வது அமைச்சர் காதுக்கு நேராகப் போகும் வழி அதனால்தான் திறந்தது.

இனி விதை. நம் பழைய கோதுமை ரகங்கள் உயரமானவை. நிறைய உரம் போட்டால் கதிர் கனத்து, தண்டு தாங்காமல் பயிர் படுத்துவிடும். அதாவது உரம் போடப்போட நஷ்டம். அமெரிக்க விஞ்ஞானி போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகங்கள் உரத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். 1963-இல் போர்லாக் இந்தியா வந்து பார்த்துவிட்டுப் போனார். சுவாமிநாதனும் சகாக்களும் இங்கே வளர்த்துப் பார்த்து, விளையும் என்று உறுதி செய்துவிட்டார்கள். சோதனை வயலில் ஒரு பிடி விதை வெற்றி. ஒரு நாட்டுக்கு அது போதாது. ஆயிரக்கணக்கான டன் வேண்டும். அதற்கு அன்னியச் செலாவணி வேண்டும். அதைவிட அதிகமாக உரத்துக்கு வேண்டும்.

எதிர்ப்பு நாலு பக்கமும் கிளம்பியது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, செலாவணி எங்கே என்றார். திட்டக் குழுவுக்கு விலை உயர்வு பிடிக்கவில்லை. இடதுசாரிகள், இது அமெரிக்காவுக்கு நாட்டை அடகு வைப்பது, பணக்கார விவசாயிதான் பிழைப்பான் என்றார்கள். நம் மண்ணுக்கு ஒத்து வராவிட்டால், நோய் தாக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்ட விஞ்ஞானிகளும் இருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட அற்பமான கேள்வி இல்லை. சி.எஸ். யாரையும் அதட்டவில்லை. விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே செயல்விளக்கம் நடத்தச் சொல்லி, பக்கத்து வயல்காரன் கண்ணால் பார்க்க ஏற்பாடு செய்தார். அதுதான் அவருடைய சாட்சி. டில்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழச் சொல்லிவிட்டு அங்கேயும் புதுக் கோதுமையைப் போட்டார். பார்க்க வருகிற எம்.பி.யோ அதிகாரியோ, பூச்செடி இருந்த இடத்தில் இடுப்பளவுக்கும் கீழே, படுக்காமல் நிற்கிற கோதுமைப் பயிரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். நிதியமைச்சகத்துக்கு எழுதும் எந்தக் குறிப்பைவிடவும் அது நன்றாக வாதாடியிருக்கும்.

1965-இல் 250 டன் விதை வந்தது. 1966-இல் 18,000 டன். சொனோரா 64, லெர்மா ரோகோ ரகங்கள். அதுவரை உலகத்தில் ஒரு நாடு ஒரே சமயத்தில் அவ்வளவு விதையை இறக்கியதில்லை. அது எந்த நேரம் என்பதையும் பாருங்கள். 1965-இல் பாகிஸ்தானோடு போர். அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. 1964-65-இல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் அடுத்த வருடம் 7.2 கோடியாக விழுந்தது. பீகாரில் பஞ்சம். 1966-இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி. அமெரிக்க அதிபர் ஜான்சன், வியட்நாம் போரை இந்தியா குறை சொல்வதை மனதில் வைத்துக்கொண்டு, கப்பல்களை மாதக் கணக்குப் பார்த்து அளந்து அளந்து விட்டார். சி.எஸ். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஓர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து ஓர் உடன்பாடு செய்துகொண்டார். விவசாயத்துக்கு இந்தியா கூடுதலாகப் பணம் ஒதுக்கும், விலைக் கொள்கையை மாற்றும் என்பது அதன் சாரம். அமெரிக்கா சொல்லிச் செய்ததுதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதில் இருந்தவை எல்லாம் சி.எஸ். ஏற்கெனவே அமைச்சரவையில் கேட்டுக்கொண்டிருந்தவை. வெளி அழுத்தத்தை உள்ளே தன் வாதத்துக்கு வலுவாக அவர் பயன்படுத்திக்கொண்டார். இதில் கொஞ்சம் ஆபத்து உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிடங்கு காலியாக இருந்த நாடு அது.

பலன்? 1966-67-இல் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை, 1967-68-இல் 1.65 கோடி டன். மூட்டைகளை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களையெல்லாம் கிடங்காக்க வேண்டி வந்தது. நெல்லிலும் அதே காலத்தில் ஐ.ஆர். 8 என்ற புது ரகம் வந்தது, தஞ்சையில் ஆடுதுறை 27 பரவியது.

ஆனால் அந்த அறுவடை வீட்டுக்கு வந்தபோது சி.எஸ். அமைச்சராக இல்லை. 1967 தேர்தலில் கோபிசெட்டிப்பாளையத்தில் தோற்றுவிட்டார். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் காங்கிரசையே அடித்துக்கொண்டு போன தேர்தல். காமராஜரே விருதுநகரில் தோற்றார். நாட்டின் உணவுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க விதை விதைத்தவர், உணவுத் தட்டுப்பாட்டின் கோபத்திலேயே பதவி இழந்தார். எனக்கு இதில் மனம் வலிக்கிறது.

இந்தி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சி.எஸ்ஸை டில்லியின் ஆள் என்று மட்டும் நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி என்றதும் தமிழ்நாடு எரிந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் இருவர் ராஜினாமா செய்தார்கள்: சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அந்த ராஜினாமாக்களை ஏற்க வேண்டாம் என்று சாஸ்திரிக்கு அறிவுறுத்தினார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். விவசாயக் கொள்கையின் மொத்தப் பாரமும் தோளில் இருந்த நேரத்தில், அந்த வேலை எல்லாம் பாதியில் நின்றாலும் சரி என்று கடிதம் கொடுத்தவர் அவர்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969-இல் காங்கிரஸ் பிளந்தபோது காமராஜர் ஒரு பக்கம், சி.எஸ். இந்திரா பக்கம். 1971-இல் கிருஷ்ணகிரியிலிருந்து மறுபடி நாடாளுமன்றம், திட்டத் துறை. 1974 அக்டோபரில் நிதியமைச்சர். கிராம வங்கிகள் என்று நாம் சொல்கிற மண்டல ஊரக வங்கிகள் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது அவர் காலத்தில்தான். நெருக்கடி நிலை முழுவதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். 1965-இல் மொழிக்காக ராஜினாமா செய்த மனிதர், அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் உட்கார்ந்த வக்கீல், அப்போது விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அவர்மேல் எனக்குள்ள மதிப்பில் ஆறாத குறை இது ஒன்று. 1977-க்குப் பிறகு இந்திராவை விட்டுப் பிரிந்தார். சரண் சிங்கின் குறுகிய கால ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சர். 1990-இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவ் பற்றித் தனிப்பட்ட பேச்சில் சொன்ன விமர்சனம் பத்திரிகையில் வந்ததும் 1993 ஜனவரியில் பதவி விலகினார்.

பசுமைப் புரட்சியின் மறுபக்கம் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனது, அளவில்லாத யூரியா, பூச்சிமருந்து, பழைய ரகங்கள் காணாமல் போனது, சிறுதானியங்கள் ஓரம் போனது, எல்லாம் உண்மை. இதில் 1965-இன் முடிவுக்கு ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு, பஞ்சம் தீர்ந்த பிறகும் அதே மருந்தையே இலவச மின்சாரத்தோடும் மானியத்தோடும் பல பத்தாண்டுகள் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. இயற்கை விவசாயம் பேசும் நண்பர்கள் சி.எஸ்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது, 1966-இல் ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்துதான் நாடு சாப்பிட்டது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தமிழ்நாட்டில் இவரை ஏன் அதிகம் பேசுவதில்லை? கூட்டம் சேர்க்கும் தலைவர் இல்லை. ராஜாஜி ஆள் என்ற முத்திரை விழுந்தது. காமராஜரை எதிர்த்து நின்றவர், 1969-இல் அவரைப் பிரிந்தவர். அதனால் காங்கிரஸ்காரர்களே அவரை முழு மனதோடு கொண்டாடவில்லை. திராவிடக் கட்சிகளுக்கு அவரைக் கொண்டாடக் காரணமும் இல்லை. 1998-இல் பாரத ரத்னா கிடைத்தபோதுதான் பல பேர், இவர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருந்தார், வேலையும் செய்துகொண்டிருந்தார். 2000-ஆம் வருடம், தொண்ணூறு வயதில், சிறு விவசாயிகளுக்கு மண் பரிசோதனை, பயிற்சி, சாகுபடி ஆலோசனை தருவதற்காகச் சென்னையில் தேசிய வேளாண் நிறுவனம் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அதே வருடம் நவம்பர் 7 அன்று காலமானார். அந்த அமைப்பு அவருக்குப் பிறகும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலை செய்துவருகிறது.